ஓரகத்தியின் மாத்திரைக் குப்பி

எனக்கு அவள்மேல் பொறாமை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். நடுவில் எங்காவது நழுவி நல்லவள் வேஷம் போட்டுவிடுவேனோ என்று என்மேல் எனக்கே நம்பிக்கையில்லை. அவள் என் கொழுந்தனின் மனைவி, எனக்கு ஓரகத்தி. ராயபுரத்தில் எங்கள் எண்ணெய் மண்டிக்குப் பின்னால் இருந்த வீட்டில் ஏழு வருஷம் இரண்டு பேரும் ஒரே அடுப்பில் சமைத்தோம். பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் "என்ன அழகான பேர்" என்பீர்கள். அதைக் கேட்கவும் எனக்குப் பிடிக்காது.

எங்கள் ஆட்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மண்டி போட்டவர்கள். பூட்டாத பொருள் எங்கள் வீட்டில் கிடையாது. அரிசி அறைக்குப் பூட்டு, சீனி வைத்த அலமாரிக்குப் பூட்டு, கருப்பட்டிப் பானைக்குக்கூட ஒரு மரப்பெட்டியும் அதற்கொரு பூட்டும். மூத்த மருமகள் என்பதால் சாவிக்கொத்து என் இடுப்பில் இருந்தது. நான் நடந்தால் அது குலுங்கும், வேலைக்காரி சட்டென்று வாயை மூடுவாள். அந்தச் சத்தம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அவளும் எங்கள் ஆட்கள்தான். ஆனால் பிறந்து வளர்ந்ததெல்லாம் ராயபுரம். அவளுடைய அப்பா துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கோழி எல்லாம் சப்ளை செய்பவர். கல்யாணத்துக்கு அவள் கொண்டுவந்த தகரப் பெட்டிக்குக் கொக்கி மட்டும்தான் இருந்தது.

"பூட்டு எங்கே?" என்று கேட்டேன்.

"இன்னாத்துக்குக்கா பூட்டு? நம்ம வூட்ல யாரு துருடப்போறா?" என்று சிரித்தாள்.

அவள் பேச்சு முழுக்கப் பட்டணத்துப் பேச்சு. "இன்னா, கீது, வந்துகினு" என்று அவள் பேசினால் ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். ஆனால் அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே சொந்தக்காரர்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருப்பார்கள். என் வீட்டுக்காரர் மண்டியில் வாயைத் திறந்து சிரித்ததை ஒருவரும் பார்த்ததில்லை. அவரே ஒருநாள், ரிக்‌ஷாக்காரனோடு அவள் போட்ட சண்டையை அவள் நடித்துக் காட்டியபோது, சோற்றுக் கையோடு சிரித்தார், புரையேறிவிட்டது. அவர் தலையில் தட்டிவிட்டவள் நான். அன்றைக்கு ஒரு தட்டுக் கூடுதலாகத் தட்டினேன்.

அவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எதைப் பார்த்து நல்லாயிருக்கு என்றாலும் "எட்துக்கோ" என்பாள். வாய் வார்த்தையாக இல்லை, நிஜமாகவே கையில் திணித்துவிடுவாள். வந்த மூன்றாம் நாள், மரியாதைக்கு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "புடவைக்கரை நல்லாயிருக்கு" என்றேன். அடுத்த நிமிஷம் அந்தப் பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் என் கட்டில்மேல் இருந்தது. "எட்துக்கோ யக்கா. உன் கலருக்கு இதான் எடுப்பா கீது." நான் அதைத் தொடவில்லை. மூத்தவளுக்கு இளையவள் பிச்சை போடுவதா? ஆனால் எங்கள் மாமியார், அத்தை, பார்த்துவிட்டாள். "இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் எட்டு வருஷமாக அந்த வீட்டில் மாடாய் உழைத்துக்கொண்டிருந்தேன். என் மனசைப் பற்றி அத்தை ஒரு வார்த்தை பேசியதாக ஞாபகம் இல்லை.

காசிமேட்டிலிருந்து மீன் கொண்டுவரும் பெண் கூடையை இறக்கியதும் அவளைத்தான் கூப்பிடுவாள். நான் பேரம் பேசுவேன், வஞ்சிரத்தின் செவுளைத் தூக்கிப் பார்ப்பேன், முகர்ந்து பார்ப்பேன். அவள் ஒன்றும் பார்க்காமல், "உனுக்கு எது தோணுதோ அத்த போடு" என்பாள். அவளுக்குத்தான் நல்ல மீன் விழும். அந்த மீன்காரி மயங்கிப்போய் மேலே இரண்டு கைப்பிடி நெத்திலியும் போடுவாள். இத்தனை வருஷம் கழித்தும் இதற்கு எனக்கு விளக்கம் கிடைக்கவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது அவளுடைய பிள்ளைகள். வந்து பதினோராவது மாதம் ஒரு பெண், அடுத்த இரண்டு வருஷத்தில் ஒரு பையன். பிரசவத்துக்கு முதல் நாள்வரை இட்லிக்கு மாவாட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு மூன்று தடவை உண்டாகி மூன்று தடவையும் போய்விட்டது. ஒன்று மூன்றாம் மாதம், இரண்டு நான்காம் மாதம். அவள் பிள்ளைகளைத் தூக்கவேண்டும் என்று என் கை பரபரக்கும். தூக்கினால் உடனே "வச்சிக்கோயேன் யக்கா, நீயே வளத்துக்கோ" என்பாள். அவள் பெற்ற பிள்ளையையும் "எட்துக்கோ" கணக்கில் சேர்த்துவிட்டாளே என்று எனக்கு ஆத்திரம் வரும். பிள்ளையை இறக்கிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விடுவேன். அவள் கையால் எனக்கு எதுவும் வேண்டாம் என்று வைராக்கியமாக இருந்தேன். அவள் போட்ட காபியைக்கூட ஏதாவது சாக்குச் சொல்லிக் கீழே ஊற்றியிருக்கிறேன்.

நான்காவது தடவையாக எனக்கு நாள் தள்ளிப்போனது. நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் மாதத்தில் மூன்று நாள் ஒதுங்கி உட்காருகிற பின்கட்டு மூலையில் நான் உட்காரவில்லை என்பது அந்த வீட்டில் யாருக்குத் தெரியாமல் போகும்? அத்தை சாமி அறையில் மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தாள். என் வீட்டுக்காரர் மண்டியிலிருந்து வரும்போது மாதுளம்பழம் வாங்கி வந்தார். ஓரகத்தி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அதுவே அதிசயம்.

பத்து நாள் போயிருக்கும். ஒரு மத்தியானம் அப்பா வீட்டுக்குப் போய்த் திரும்பியவள் பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பி ஒன்றைத் தகரப் பெட்டியில் வைத்தாள். உள்ளே மொச்சைக்கொட்டை அளவில், தேன் நிறத்தில், அழுத்தினால் அமுங்குகிற மாத்திரைகள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"யக்கா, இத்த மட்டும் தொடாதே. இது என்னுது. கப்பல்காரன் ஒருத்தனாண்ட சொல்லி நைனா வாங்கியாந்து குட்த்தாரு. வைட்டமின் ஈயாம். கோதும மொளையிலேர்ந்து எடுக்கிற எண்ணெயாம். வயித்துல கொயந்த தங்கறதுக்கு துன்றதாம். டாக்டரம்மாகிட்ட காட்டிக் கேட்டுகினுதான் வந்தேன். ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்பறம். அதுக்கு மேல கூடவே கூடாதுன்னு சொல்லிக்கீறாங்க."

யாரும் கேட்காமலே இத்தனையும் சொன்னாள். கொஞ்சம் சத்தமாகவும் சொன்னாள். எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. என் காதில் விழுந்தது இரண்டே வார்த்தை. "தொடாதே", "என்னுது". ஊருக்கே அள்ளிக் கொடுப்பவள், வயிற்றில் பிள்ளை தங்குகிற மருந்தை மட்டும் தனக்கென்று வைத்துக்கொள்கிறாள். இரண்டு பெற்றது போதாதா? மூன்றாவதும் வேண்டுமாக்கும்! இவள் சுலபமாகப் பிள்ளை பெற்ற ரகசியம் இதுதானா என்று அன்று மத்தியானம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் அவள் பிள்ளைகளைக் குழாயடிக்குக் குளிப்பாட்டக் கூட்டிப்போனபோது கொக்கியைத் தூக்கினேன். ஒன்றை எடுத்து விழுங்கினேன். அந்த வீட்டுச் சாவிகள் எல்லாம் என் இடுப்பில் குலுங்க, நான் திருடினேன்.

ஒன்றோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நான் எண்ணெய் மண்டிக்காரன் பெண்டாட்டி. எங்கள் கடையில் படி நிரம்பியதும் நிறுத்தமாட்டார்கள். அதன்மேல் ஒரு சுழி கொசுறு ஊற்றினால்தான் வாங்குகிறவன் தூக்குப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நகருவான். கொசுறு இல்லாத அளவை நாங்கள் அளவென்றே மதிப்பதில்லை. எண்ணெய் என்றுதானே சொன்னாள்? அதனால் டாக்டர் சொன்ன அளவுக்கு ஒன்று, கொசுறுக்கு ஒன்று. அப்புறம், ஒன்றுதான் என்று வெளியே சொல்கிறவள் உள்ளே இரண்டையாவது தின்பாள், அவளை நான் எட்டிப்பிடிக்க வேண்டாமா என்று இன்னும் ஒன்று. சில நாள் அவள் பையன் என் கண்ணெதிரே ஓடி விளையாடினால் நாலு. குப்பி காலியாகும் முன்பே அதில் புது மாத்திரைகள் வந்துவிடும். அப்பனுக்குத்தான் கப்பல் கப்பலாக வருகிறதே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இதோடு தலைவலி வேறு. அவள் சிரிப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு நெற்றிப்பொட்டு தெறிக்கும். முக்குக் கடையில் விற்கிற வெள்ளைத் தலைவலி மாத்திரையைத் தினம் இரண்டு போட்டுக்கொண்டேன். எல்லாரும் போடுகிற மாத்திரை. அதை மருந்தென்று யார் நினைத்தார்கள்!

ஒரு மாதத்தில் பல் தேய்த்துத் துப்பினால் ரத்தம் வந்தது. ஆட்டுக்கல்லில் முட்டி லேசாக இடித்ததற்கு உள்ளங்கை அகலம் கன்றிப்போய் நீலம் பாரித்தது. ஒருநாள் காலையில் மூக்கிலும் ரத்தம். முற்றத்தில் நான் துப்பியதை அவள் பார்த்துவிட்டாள்.

"இன்னாக்கா இது, ரத்தம் வருது? வேற ஏதாச்சும் மருந்து துன்றியா?"

"உன் ஜோலியைப் பாரு. நான் ஒரு மருந்தும் திங்கலை" என்றேன்.

அன்று குப்பியில் புது மாத்திரை சேரவில்லை. அடியில் ஏழெட்டுத்தான் கிடந்தன. கஞ்சத்தனம் வந்துவிட்டது பார் என்று நினைத்துக்கொண்டே மூன்றை எடுத்தேன்.

நான்காவது மாதம், ஒரு வெள்ளிக்கிழமை பகல், புடவையில் கறை பட்டது. முன்னே போன மூன்றும் இப்படித்தான் ஆரம்பித்தன. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கத்தக்கூடத் தோன்றவில்லை. அவள்தான் பார்த்துவிட்டுக் கத்தினாள், அவள்தான் தெருவில் ஓடி ரிக்‌ஷா கொண்டுவந்தாள். ரிக்‌ஷாவில் நானும் அத்தையும். அவள் கையில் குப்பியோடு, இழுக்கிறவன் பக்கத்திலேயே வெறுங்காலோடு ஓடிவந்தாள். "ஒண்ணும் ஆவாது யக்கா, ஒண்ணும் ஆவாது" என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

டாக்டரம்மா என்னைப் படுக்கவைத்துப் பார்த்தார். பல் ஈறைப் பார்த்தார். முட்டியில் இருந்த கன்றலைப் பார்த்தார். அப்புறம் திரும்பி, என்னைக் கேட்காமல், அவளைக் கேட்டார்.

"உங்க அக்காவுக்குக் குடுக்கணும்னு கொண்டுவந்து காட்டினியே, அந்த வைட்டமின். ஒண்ணுதானே குடுக்கச் சொன்னேன். எத்தனை குடுத்தே?"

உங்க அக்காவுக்கு. நான் படுத்தபடியே அவளைப் பார்த்தேன். அவள் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குப்பி முதலிலிருந்தே எனக்காக வந்தது என்று எனக்கு அந்தக் கட்டிலில்தான் தெரிந்தது.

"நான் எண்ணலை டாக்டரம்மா" என்றாள்.

"எண்ணலைன்னா எப்படி? எனக்கு எண்ணிக்கை தெரிஞ்சாகணும்." டாக்டரம்மா என் பக்கம் குனிந்தார். "நீ சொல்லும்மா. பிள்ளை நிக்கணுமா வேண்டாமா?"

"மூணு" என்றேன். "சில நாள் நாலு."

"வேற என்ன?"

"தலைவலி மாத்திரை. தினம் ரெண்டு."

"கடவுளே!" என்றார் டாக்டரம்மா. "எண்ணெயில கரையுற சத்தும்மா இது. அதிகமானா தண்ணியா வெளிய போயிடாது, உடம்புலயே சேரும். இது இல்லாட்டி எலிகளுக்குக் குட்டி தங்கலைன்னு கண்டுபிடிச்சாங்க. அதனால மனுஷங்களுக்கும் சில டாக்டர்கள் குடுக்கறாங்க. பலன் உண்டான்னு எனக்கே நிச்சயமாத் தெரியாது. ஒண்ணு போட்டா கெடுதல் இல்லைன்னுதான் சரின்னேன். இப்ப இந்த ரத்தம் அதனாலயா, தலைவலி மாத்திரையினாலயா, சும்மாவேவா, சொல்ல முடியலை. எல்லாத்தையும் இன்னியோட நிறுத்து. எழுந்திரிக்கவே கூடாது." அப்புறம் நிமிர்ந்து கேட்டார். "மூணு, நாலுன்னு யார் குடுத்தது?"

அத்தை என் தலைமாட்டில் நின்றிருந்தாள். ஓரகத்தியின் தகரப் பெட்டியைத் திறந்து திருடித் தின்றேன் என்று மாமியாருக்கு எதிரில் எப்படிச் சொல்வது? உள்ளே பிள்ளை போய்க்கொண்டிருக்கலாம், அப்போதும் எனக்கு என் மானம் பெரிதாக இருந்தது.

"நான்தான் குட்த்தேன்" என்றாள் அவள். "ஜாஸ்தி குட்த்தா சீக்கிரம் நிக்கும்னு நெனச்சிட்டேன்."

அத்தை அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையை இன்றும் மறக்கவில்லை. புடவையைக் கொடுத்த நாளிலிருந்து தலையில் வைத்துக் கூத்தாடிய மருமகளை, அந்த ஒரு பார்வையில் கீழே போட்டாள். "உனக்கு ரெண்டு இருக்குல்லா? இவளுக்கு ஒண்ணு தங்கிரக்கூடாதுன்னு நெனச்சிருக்க. பொறாம புடிச்ச சிறுக்கி" என்றாள். எனக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? மனசின் ஒரு ஓரத்தில் இனித்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

கட்டில் கால்மாட்டுக்கு இரண்டு செங்கல் வைத்து உயர்த்தி, இரண்டரை மாதம் படுத்துக் கிடந்தேன். ரத்தம் நின்றது. பிள்ளையும் நின்றான். மருந்தால் தங்கினானா, மருந்தை நிறுத்தியதால் தங்கினானா, படுத்துக் கிடந்ததால் தங்கினானா என்று பிற்பாடு டாக்டரம்மாவையே கேட்டேன். "தெரியலைம்மா. தங்கினான், அவ்வளவுதான்" என்றார். இந்தக் காலத்து டாக்டர்களும் அந்த மாத்திரையால் கரு தங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை, அளவுக்கு மீறிப் போனால் ரத்தம் உறைவது கெடும் என்றுதான் சொல்கிறார்கள்.

படுத்திருந்த அத்தனை நாளும் அவளை என் அறைப்பக்கம் அத்தை அண்டவிடவில்லை. என் சாப்பாட்டை அவள் தொடக்கூடாது, என் துணியைத் துவைக்கக்கூடாது. ஊரிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் அத்தை கதையைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் மாத்திரை எண்ணிக்கை ஒன்று ஏறியது. அவள் ஜோக்குக்குச் சிரித்தவர்கள் இப்போது அவள் கொடுத்த தண்ணீரை வாங்க யோசித்தார்கள். பிள்ளைக்குப் பெயர் வைத்த அன்று, வந்த பெண்கள் மடி மடியாகப் பிள்ளை போனது. அவள் மடிக்கு மட்டும் போகவில்லை. நிலைப்படியில் நின்றபடி எட்டிப்பார்த்து, "நல்லா கீறானா?" என்று கேட்டாள். பிள்ளை அடுத்த மடிக்குப் போனது.

ஒருநாள் குழாயடியில் நாங்கள் இருவரும் மட்டும் இருந்தோம். கேட்டுவிட்டேன்.

"எனக்குன்னு வாங்கினவ, எதுக்குட்டி உன்னதுன்னு சொன்ன?"

"நான் இந்தாக்கான்னு நீட்டினா நீ வாங்கிருப்பியா? என் காபியவே கொட்டுற ஆளு நீ." அவள் குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "தொடாதேன்னு சொன்னா தொடுவேன்னு தெரியும். அதான் ஒண்ணுதான் துன்னணும்னு அம்மாஞ் சத்தமா சொன்னேன். காதுல வுயலியா?"

"நீ ஒண்ணுகூடத் திங்கலையா?"

"எனுக்கு இன்னாத்துக்குக்கா? ரெண்டு பெத்ததே பேஜாரு. நீ மூணா துன்னுவேன்னு நான் கனவா கண்டேன்? குப்பி கொறைய கொறைய எண்ணாம கொட்டிகினு இருந்துட்டேன். ரத்தத்தப் பாத்ததும் டாக்டரம்மாவாண்ட ஓடிருக்கணும். நீ இல்லேன்னு சொன்னத நம்பிட்டேன். அது என் தப்புதான்." குடத்தை இடுப்பில் ஏற்றினாள். போகிறபோது நின்றாள். "அத்தைகிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிடுக்கா. மத்தவங்க இன்னா வேணா பேசட்டும். அது மூஞ்சத் திருப்பிகினு போறதுதான் தாங்கல."

சொல்கிறேன் என்றேன். அவளிடமிருந்து எனக்கு வந்த ஒரே வேண்டுகோள் அது. அதுவரை அவள் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சொல்லலாம் என்றுதான் இருந்தேன். அன்று சாயங்காலமே சொல்லப்போனேன். என் நெஞ்சுக்குள் இருந்ததை என்னைவிட நன்றாகப் படித்து, அதன்படி எனக்கு மருந்து ஊட்டியிருக்கிறாள் என்று நினைக்க நினைக்க, நன்றி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இவளிடம் தோற்காமல் ஒரு பிள்ளைகூட என்னால் பெறமுடியவில்லையே! நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டேன். அந்த நாளைக்கு ஐந்து வருஷம் ஆயிற்று. நடுவில், வீட்டுப் பேச்சைப் பொறுக்காமல் கொழுந்தன் குடும்பத்தோடு திருவொற்றியூருக்குப் போய்விட்டான்.

அத்தை கடைசியாகப் படுத்தபோது என் பையனுக்கு ஐந்து வயது. மூன்று மாதம் நான்தான் பார்த்தேன். துடைத்துவிட்டது, கஞ்சி ஊற்றியது, கால் பிடித்துவிட்டது எல்லாம் நான். நாள் நெருங்கிவிட்டது என்று ஆள் அனுப்பியதும் அவள் திருவொற்றியூரிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். இளைத்திருந்தாள். வந்தவள் யாரையும் கேட்காமல் கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்து அத்தையின் பாதத்தை மடியில் எடுத்துவைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று அவள் படியேறியபோதே முடிவு செய்துவிட்டேன். அத்தைக்கு நினைவு தெளிவாக இருந்தது. நான் தலைமாட்டில் குனிந்து, "அத்தை, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். அப்போது அத்தை கண்ணை மூடிக்கொண்டு, "ஆகா, இந்தக் கை பட்டதும்லா எனக்கு உசிரு வருது" என்றாள். மூன்று மாதம் பிடித்துவிட்ட கை என்னுடையது. குனிந்திருந்தவள் நிமிர்ந்துவிட்டேன்.

அத்தை கண்ணைத் திறந்து என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"ஏளா, நீ பெரிய மனுஷி. இவ ஏதோ புத்தி கெட்டு அன்னைக்கு அப்படிச் செஞ்சிட்டா. எனக்காவ இவள மன்னிச்சிரு. நீ மன்னிச்சேன்னு ஒரு வார்த்த சொன்னாத்தான் நான் நிம்மதியாப் போவேன்."

நான் கால்மாட்டைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷமாகக் காத்திருந்தவள் அந்த ஒரு நிமிஷமும் காத்திருந்தாள்.

"மன்னிச்சிட்டேன் அத்தை" என்றேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கை மட்டும் நிற்காமல் அத்தையின் பாதத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தது.